தலை கழுத்து கேன்சருக்கு எந்த ரேடியேஷன்: த்ரீடி, ஐஎம்ஆர்டி, விமேட், புரோட்டான், பிராக்கி எல்லாத்தையும் வெச்சு ஒரு ஒப்பீடு

பயாப்சி ரிப்போர்ட் வந்து டாக்டர் ரேடியேஷன் போகணும்னு சொன்ன அன்னிக்கே வீட்ல யாராவது ஒருத்தர் போன எடுத்து தேட ஆரம்பிச்சிடுறாங்க, தேடினா ஐஎம்ஆர்டி, விமேட், ஐஜிஆர்டி, டோமோ, புரோட்டான், எஸ்பிஆர்டி, பிராக்கின்னு பேரா வந்து கொட்டுது, எது புதுசோ அதுதான் நல்லதுன்னு ஒரு முடிவுக்கு வந்துட்டு மறுநாள் "எங்க அப்பாவுக்கு லேட்டஸ்ட் கரண்ட் வைங்க"ன்னு வந்து நிக்கிறாங்க. ரேடியேஷன் பிளானிங் ரூம்ல வேலை பாக்குறவன் நான், டாக்டர் இல்ல, ஃபிஸிசிஸ்ட். இந்த கேள்விய நிறைய குடும்பம் கேட்டு பாத்திருக்கேன், அவங்க பயம் நியாயமானது, ஆனா கேக்குற இடம்தான் கொஞ்சம் தள்ளி இருக்கு. அதனால ஒவ்வொன்னும் உண்மையில என்ன பண்ணுது, யாருக்கு எது, எங்க வித்தியாசம் பெருசு, எங்க பேரு மட்டும் வேறன்னு எனக்கு தெரிஞ்சத எழுதுறேன்.

முதல்ல ஒன்னு தெளிவா இருக்கணும். த்ரீடி, ஐஎம்ஆர்டி, விமேட், டோமோ எல்லாமே ஒரே எக்ஸ்ரே கதிர்தான், லீனாக்னு சொல்ற எக்ஸ்ரே மெஷின்ல இருந்து வர்றது. கட்டிய கொல்ற சக்தி ஒன்னுல ஜாஸ்தி இன்னொன்னுல கம்மின்னு கிடையாது. ஆபரேஷன் இல்லாம ரேடியேஷன்லயே குணப்படுத்த பாக்குறாங்கன்னா பெரும்பாலும் 70 கிரே (கிரேங்கிறது கதிர் டோஸோட அளவு), 35 தடவை, வாரம் 5 நாள், 7 வாரம். ஆபரேஷனுக்கு அப்புறம்னா 60 கிரே 30 தடவை, மார்ஜின்ல, அதாவது வெட்டி எடுத்த ஓரத்துல, கேன்சர் இருந்தாலோ நெறிகட்டிய உடைச்சுட்டு வெளிய வந்திருந்தாலோ 66 வரைக்கும். எந்த டெக்னிக்குன்னாலும் கட்டிக்கு போய் சேர வேண்டிய டோஸ் இதுதான். டெக்னிக் மாறினா மாறுறது சுத்தி இருக்கிற நல்ல உறுப்புக்கு எவ்ளோ போகுதுங்கிறது. கழுத்துல சுத்தி இருக்கிறதெல்லாம் சாதாரண உறுப்பா? எச்சில் சுரப்பி, முழுங்குற தசை, குரல்வளை, தாடை எலும்பு, தண்டுவடம், மூளைத்தண்டு, கண் நரம்பு, எல்லாம் ஒரு கையளவு இடத்துக்குள்ள. அதனாலதான் மத்த இடத்துல பெருசா தெரியாத டெக்னிக் வித்தியாசம் இங்க வாழ்க்கையையே மாத்திடுது.

பழைய முறையில இருந்து வரேன். கோபால்ட் மெஷினோ லீனாக்கோ, த்ரீடி (சிடி ஸ்கேன பாத்து சில கோணத்துல இருந்து நேரா அடிக்கிறது) அல்லது அதுக்கும் முந்தின ரெண்டு பக்கத்துல இருந்து அடிக்கிற முறை. இதுல காதுக்கு கீழ இருக்கிற பரோட்டிட் சுரப்பி ரெண்டும் கதிர் பாதையிலயே மாட்டிக்கும், ஒதுக்க வழியில்ல. பிரிட்டன்ல பார்ஸ்போர்ட்னு ஒரு ட்ரையல் பண்ணி 2011ல வெளியிட்டாங்க, 94 பேர், பாதி பேருக்கு பழைய முறை, பாதி பேருக்கு பரோட்டிட்ட காப்பாத்துற ஐஎம்ஆர்டி. ஒரு வருஷம் கழிச்சு பாத்தா நல்லா தொந்தரவு பண்ற அளவுக்கு வாய் வறட்சி பழைய முறையில 74 சதவீதம் பேருக்கு, ஐஎம்ஆர்டியில 38. ரெண்டு வருஷத்துல 83க்கு 29. கேன்சர் கட்டுப்பாட்டுல ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல, எச்சில்ல மட்டும் இவ்ளோ.

வாய் வறட்சின்னா என்னமோ தாகம் எடுக்குற மாதிரின்னு நினைச்சுக்கிறாங்க. எச்சில் சுத்தமா இல்லாம போனா உலர்ந்த எதையும் முழுங்க முடியாது, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிச்சு தள்ளணும், ராத்திரி நாக்கு அண்ணத்துல ஒட்டி முழிப்பு வரும், பேசும்போது நடுவுல நிறுத்தி நனைச்சுக்கணும், பல்லு வேர் ஓரத்துல இருந்து சொத்தையாகி உடையும், அந்த பல்ல பிடுங்கினா கதிர் பட்ட தாடை எலும்பு ஆறாம அழுகிப்போற அபாயம் வேற. வருஷக்கணக்கா இத தூக்கிட்டு திரியணும். அதனால குணப்படுத்துற நோக்கத்துல கழுத்து ரெண்டு பக்கமும் கதிர் தேவைப்படுறவங்களுக்கு த்ரீடியா ஐஎம்ஆர்டியான்னா ஐஎம்ஆர்டி, இதுல யோசிக்க ஒன்னுமில்ல.

ஆனா த்ரீடிய முழுசா ஒதுக்கவும் கூடாது. குரல் நாண்ல மட்டும் ஆரம்ப நிலையில ஒரு சின்ன கட்டி இருக்குன்னா, அதுக்கு அடிக்க வேண்டிய ஏரியா சுமார் 5 லிருந்து 6 சென்டிமீட்டர் சதுரம், நெறிக்கட்டிக்கு அடிக்க வேண்டியதில்ல, பரோட்டிட் பக்கமே போகாது. அங்க த்ரீடி நல்லாவே வேலை செய்யும், கொஞ்சம் பெரிய டோஸா தினமும் 2.25 கிரேன்னு 28 தடவையில முடிச்சிடுற முறையும் இருக்கு. அதே மாதிரி வயசான, ரொம்ப பலவீனமான ஒருத்தருக்கு வலியையும் ரத்தக்கசிவையும் குறைக்க மட்டும் ஒரு சில தடவை கொடுக்கிறாங்கன்னா சிம்பிள் பிளானே போதும், அவர நாள் கணக்குல காக்க வெச்சு ஐஎம்ஆர்டி பண்றதுல அர்த்தமில்ல.

இப்ப ஐஎம்ஆர்டி. இதுல கதிர ஒரே அளவுல அடிக்காம, ஏழு இல்ல ஒம்போது கோணத்துல இருந்து, ஒவ்வொரு கோணத்துலயும் மெல்லிசான டங்ஸ்டன் தகடு நகர்ந்து நகர்ந்து எங்க ஜாஸ்தி எங்க கம்மின்னு செதுக்கும். கம்ப்யூட்டருக்கு நாம ஆர்டர் கொடுக்கணும்: கட்டிக்கு 70 போகணும், தண்டுவடம் 45க்கு மேல போகக்கூடாது, பரோட்டிட் சராசரி 26க்கு கீழ இருக்கணும்னு. அது கணக்கு போட்டு வழி கண்டுபிடிக்கும். இத இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு போய், முழுங்குற தசைக்கும் தனியா டோஸ் கட்டுப்பாடு வெச்சு பிளான் பண்ணா என்ன ஆகும்னு டார்ஸ்னு ஒரு ட்ரையல்ல பாத்தாங்க, 2023ல வந்தது, 112 பேர். மெஷின் அதே, டெக்னிக் அதே, புதுசா எதுவும் வாங்கல, பிளான் பண்றப்போ அந்த தசைய வரைஞ்சு அத காப்பாத்துன்னு சொன்னாங்க, அவ்ளோதான். ஒரு வருஷம் கழிச்சு அந்த குரூப்ல இருந்தவங்க நல்லா முழுங்கினாங்க. கட்டி அந்த தசை மேலயே இருந்தா இத பண்ண முடியாது, ஆனா பண்ண முடியுற கேஸ்ல கேட்டு வாங்க வேண்டிய விஷயம் இது.

ஐஎம்ஆர்டியோட பலம் எங்க இருக்கோ ஆபத்தும் அங்கேயே இருக்கு. முழு டோஸ் டாக்டர் வரைஞ்ச இடத்துக்கு மட்டும்தான் போகும். வரையாம விட்ட இடத்துக்கு போகாது. பழைய முறையில பெரிய ஏரியாவுக்கு மொத்தமா அடிச்சதால கொஞ்சம் அப்படி இப்படி ஆனாலும் உள்ள விழுந்துடும், இதுல கோடு 1 சென்டிமீட்டர் உள்ள தள்ளி விழுந்தா கேன்சர் செல் கோட்டுக்கு வெளிய உக்காந்திருக்கும். சிடி ஸ்கேன்ல தலையில இருந்து கழுத்து அடி வரைக்கும் நூறுக்கு மேல ஸ்லைஸ் வரும், ஒவ்வொரு ஸ்லைஸ்லயும் டாக்டர் மவுஸ புடிச்சு கட்டி எங்க முடியுது, எந்த நெறி சந்தேகம், நரம்பு வழியா மேல ஏறியிருக்குமான்னு பாத்து பாத்து வரையணும், எம்ஆர்ஐயையும் பெட் ஸ்கேனையும் மேல பொருத்தி பாக்கணும், முன்னாடி எண்டாஸ்கோப்பில கண்ணால பாத்தத ஞாபகம் வெச்சு சேக்கணும். ஒரு கழுத்து கேஸ் ஒழுங்கா வரைய மணிக்கணக்கு ஆகும். நல்ல டாக்டர் ஒருத்தர் வரைஞ்சத இன்னொரு டாக்டர் உக்காந்து செக் பண்ற இடத்துல வேலை பாக்குறது எவ்ளோ நிம்மதின்னு பக்கத்துல இருந்து பாத்தவங்களுக்கு தெரியும்.

இத நான் என் அபிப்ராயமா மட்டும் சொல்லல. ஆஸ்திரேலியா பக்கத்து ட்ராக்ங்கிற ரேடியேஷன் ஆராய்ச்சி குரூப் பல நாட்டு ஆஸ்பத்திரிகள சேத்து ஒரு பெரிய கீமோ ரேடியேஷன் ட்ரையல் பண்ணாங்க, மருந்த சோதிக்கத்தான் பண்ணது. 2010ல ரேடியேஷன் பிளான்கள எல்லாம் தனியா எடுத்து திருப்பி பாத்தப்போ, பெரிய கோளாறு இருந்த பிளான்ல சிகிச்சை எடுத்தவங்கள்ல ரெண்டு வருஷம் உயிரோட இருந்தது 50 சதவீதம், ஒழுங்கான பிளான்ல எடுத்தவங்கள்ல 70. இருபது சதவீத புள்ளி. கீமோவ ரேடியேஷனோட சேத்து கொடுத்தா கிடைக்கிற லாபமே அஞ்சு வருஷத்துல 6.5 சதவீதம்னு பல ட்ரையல சேத்து பாத்த ஒரு பெரிய மெட்டா அனலிசிஸ் சொல்லுது. அப்போ யோசிச்சு பாருங்க, பிளான் தரம் அந்த மருந்த விட எவ்ளோ பெருசு. எந்த மெஷின்னு கேக்குறதுக்கு முன்னாடி யாரு வரையறாங்க, மாசத்துக்கு எத்தனை கழுத்து கேஸ் பண்றாங்க, வேற யாராவது செக் பண்றாங்களான்னு கேக்கணும்னு நான் தலையால அடிச்சுக்கிறது இதுக்குதான்.

ஐஎம்ஆர்டிக்கும் விமேட்டுக்கும் நடுவுல குழம்பவே வேணாம். ரேபிட் ஆர்க்னு சில இடத்துல சொல்றதும் விமேட்தான், அது கம்பெனி பேரு. ஐஎம்ஆர்டியில மெஷின் ஒரு கோணத்துல நின்னு அடிச்சிட்டு அடுத்த கோணத்துக்கு போகும், விமேட்ல சுத்திக்கிட்டே அடிக்கும். டோமோவுல சிடி ஸ்கேன் மாதிரி படுக்கை உள்ள நகர நகர சுருள் சுருளா அடிக்கும். மூணுலயும் டோஸ் கிட்டத்தட்ட ஒரே தரம், நல்ல ஆள் கையில இருந்தா மூணும் நல்லது. உண்மையான வித்தியாசம் நேரம்: ஐஎம்ஆர்டி 10 லிருந்து 20 நிமிஷம் ஆகும்னா விமேட் கதிர் அடிக்கிற நேரம் சில நிமிஷத்துல முடிஞ்சிடும். இது வெறும் சவுகரியம்னு தள்ளிடாதீங்க. நாலாவது அஞ்சாவது வாரத்துல வாயெல்லாம் புண்ணாகி, கெட்டி சளி தொண்டையில நிக்குறப்போ, மல்லாக்க படுக்க வெச்சு முகத்த மாஸ்க்குல பூட்டி அசையக்கூடாதுன்னா அந்த பத்து நிமிஷம் அவங்களுக்கு பெரிய விஷயம். சளி அதிகமா இருக்கிறவங்க, மூச்சு திணறுறவங்க, மூடின இடத்துக்கு பயப்படுறவங்களுக்கு விமேட் இருந்தா அத கேளுங்க. இல்லன்னா ஐஎம்ஆர்டியில தாராளமா போங்க, எதையும் இழக்கல.

ஐஜிஆர்டிங்கிறது தனி வகை கிடையாது, அடிக்கிறதுக்கு முன்னாடி மெஷின்லயே ஒரு ஸ்கேன் எடுத்து ஆளு சரியான இடத்துல படுத்திருக்காரான்னு பாக்குறது, மேல சொன்ன எதோட வேணும்னாலும் சேரும். கழுத்துக்கு இது கட்டாயம் வேணும்னு நான் சொல்லுவேன், ஏன்னா மாஸ்க் கதை அப்படி. பிளாஸ்டிக் ஷீட்ட சுடுதண்ணில போட்டு இளக்கி முகத்து மேல போட்டு அழுத்தி அச்சு எடுக்கிறோம், மூக்கு, தாடை, தோள் எல்லாம் கச்சிதமா உக்காரும், பத்து நிமிஷத்துல இறுகிடும். முதல் வாரம் விரல் நுழையாத அளவுக்கு இருக்கும். சாப்பிட முடியாம எடை குறைய குறைய, கழுத்து நெறிக்கட்டியும் சுருங்க சுருங்க, நாலாவது வாரம் பாத்தா அதே மாஸ்க் இளைச்சவன் போட்ட பழைய சட்டை மாதிரி தொளதொளன்னு நிக்கும், உள்ள தலைய லேசா திருப்ப முடியும். வெளிய இருந்து பாத்தா தெரியாது, ஸ்கேன்ல பாத்தா தாடை சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கும், பரோட்டிட் சுருங்கி நடுப்பக்கம் நகந்து அதிக டோஸ் ஏரியாவுக்குள்ள வந்திருக்கும். அப்ப புது மாஸ்க் போட்டு புது சிடி எடுத்து பிளான திருப்பி போடணும். எல்லாருக்கும் தேவைப்படாது, ஆனா தேவைப்பட்டா பண்ணுவீங்களான்னு ஆரம்பத்துலயே கேட்டு வெச்சுக்கங்க. நோயாளி பக்கம் செய்ய வேண்டியது எடைய விடாம புடிக்கிறது, டாக்டர் சாப்பாட்டுக்கு மூக்கு ட்யூப் போடலாம்னு சொன்னா பிடிவாதமா மறுக்காதீங்க, சத்து குறைஞ்சு ட்ரீட்மென்ட் நடுவுல நிக்குறதுதான் பெரிய இழப்பு.

புரோட்டானுக்கு வருவோம், அதிகமா கேக்குறது இதைத்தான். எக்ஸ்ரே உடம்புக்குள்ள ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வெளிய போயிடும், வழியில இருக்கிற எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துட்டே. புரோட்டான் ஒரு ஆழம் வரைக்கும் போய், கடைசியில மொத்தமா கொட்டிட்டு அங்கயே நின்னுடும். கட்டிக்கு பின்னாடி இருக்கிற உறுப்புக்கு கிட்டத்தட்ட ஒன்னுமே போகாது. படிக்கும்போது இதுக்கு மேல என்ன வேணும்னு தோணும். சில இடத்துல உண்மையிலயே வேற ஒன்னும் வேணாம்: மண்டை ஓட்டு அடிப்பகுதி கட்டி, மூக்குக்குள்ள, சைனஸ்ல கண் நரம்ப ஒட்டி இருக்கிற கட்டி, குழந்தைங்களோட கேன்சர், ஒரு பக்கம் மட்டும் அடிக்க வேண்டிய எச்சில் சுரப்பி கட்டி, ஏற்கனவே முழு டோஸ் வாங்கின கழுத்துல திரும்ப வந்த கேன்சர். இந்த லிஸ்ட்ல நீங்க இருந்தா கொஞ்சம் தூரம் போயாவது புரோட்டான் டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுடுங்க, நேரம் தள்ளிப்போகாத மாதிரி.

சாதாரணமா நிறைய பேருக்கு வர்ற தொண்டை, டான்சில், நாக்கு அடிப்பகுதி கேன்சர்ல விஷயம் அவ்ளோ நேரா இல்ல. அமெரிக்காவுல எம்டி ஆண்டர்சன் கேன்சர் ஆஸ்பத்திரி தலைமையில 440 பேர வெச்சு ஒரு ட்ரையல் நடந்தது, 2024ல முடிவு சொன்னாங்க, கேன்சர கட்டுப்படுத்துறதுல புரோட்டானும் ஐஎம்ஆர்டியும் சமம், சாப்பாட்டுக்கு வயித்து ட்யூப் தேவைப்படுறது புரோட்டான்ல கம்மி. பிரிட்டன்ல டார்பிடோன்னு இன்னொரு ட்ரையல், அங்க ஒரு வருஷம் கழிச்சு நோயாளிங்க சொன்ன தொந்தரவுலயும் ட்யூப் தேவையிலயும் குறிப்பிடத்தக்க லாபம் தெரியல. ரெண்டையும் சேத்து பாத்து நான் எடுத்துக்கிறது, நல்லா பண்ண ஐஎம்ஆர்டிக்கு பக்கத்துல புரோட்டானோட கூடுதல் லாபம் இந்த இடத்துக்கு சின்னது, சிலருக்கு கிடைக்கும் சிலருக்கு கிடைக்காது. புரோட்டானுக்கு சொந்த பிரச்சினையும் உண்டு. எங்க நிக்கணுங்கிறது வழியில இருக்கிற தசை, எலும்பு, காத்து எவ்ளோன்னு பாத்து கணக்கு போடுறது, எடை குறைஞ்சாலோ சைனஸ்ல சளி நிரம்பினாலோ அந்த ஆழம் மாறிடும், மாஸ்க் விஷயத்துல சொன்ன அந்த மில்லிமீட்டர் இங்க இன்னும் அதிகமா கடிக்கும். பல்லுல உலோக ஃபில்லிங், தாடையில பிளேட் இருந்தா கணக்கே தடுமாறும். தோல் மேல எரிச்சல் ஐஎம்ஆர்டிய விட கொஞ்சம் ஜாஸ்தியாவே வர வாய்ப்பு உண்டு.

ஆக டான்சில் கேன்சருக்கு புரோட்டான் ஸ்லாட்டுக்காக ஆறு வாரம் காத்திருக்கிறத விட அடுத்த வாரம் நல்ல விமேட் ஆரம்பிக்கிறது மேல். இத எத்தனை பேருக்கு சொன்னாலும் மனசு ஏத்துக்க கஷ்டப்படுது, வீட்ல சொத்த வித்தாவது பெஸ்ட் கொடுக்கணும்னு நினைக்கிற அன்பு எனக்கு புரியுது, ஆனா இந்த கேன்சர் வேகமா வளர்ற ரகம், காத்திருக்கிற ஒவ்வொரு வாரமும் கணக்குல வரும். கார்பன் அயான்னு ஒன்னு இருக்கு, ஜப்பான்ல 1994ல இருந்து கொடுக்கிறாங்க, எக்ஸ்ரேவுக்கு மசியாத அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமா (பெரும்பாலும் எச்சில் சுரப்பியில வர்றது), மூக்குக்குள்ள வர்ற மெலனோமா (நிறமி செல்லுல வர்ற கேன்சர்) மாதிரி அபூர்வ ரகத்துக்கு அது யோசிக்க வேண்டிய வழி. வாய், தொண்டையோட உள்பூச்சுல வர்ற சாதாரண ஸ்குவாமஸ் கேன்சருக்கு அந்த பக்கம் போக வேண்டிய தேவை பொதுவா வராது.

பிராக்கிதெரபிய யாரும் கேட்டு வர்றதில்லங்கிறது எனக்கு ஒரு ஆதங்கம். மெல்லிசான பிளாஸ்டிக் குழாய்கள மயக்கம் கொடுத்து நேரா கட்டிக்குள்ளயே சொருகி, அது வழியா இரிடியம் 192ங்கிற கதிர் மூலத்த உள்ள அனுப்பி சில நிமிஷம் நிறுத்தி எடுத்துடுவாங்க, ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, சில நாள்ல முடிஞ்சிடும். கதிர் உள்ள இருந்தே வர்றதால ரெண்டு சென்டிமீட்டர் தள்ளி போனாலே டோஸ் சரசரன்னு இறங்கிடும், புரோட்டானே பொறாமைப்படுற அளவுக்கு. உதடு, நாக்கோட அசையுற பகுதி, கன்னத்து உள்பக்கம், இங்கெல்லாம் சின்ன கட்டியா, தாடை எலும்ப தொடாம இருந்தா, இது அருமையான முறை, உதட்டுல ஆபரேஷன் பண்ணா வாய் கோணுமோன்னு பயப்படுறவங்களுக்கு முகம் அப்படியே இருக்கும். எச்சில் சுரப்பி பக்கம் கதிர் ரொம்ப கம்மியாதான் போகும். ஆனா கட்டி பெருசா இருந்தாலோ எலும்பு பக்கத்துல இருந்தாலோ சரிவராது, கழுத்து நெறிக்கு தனியா ஏதாவது பண்ணணும், எல்லாத்துக்கும் மேல இது கைப்பழக்கம் வேண்டிய வேலை. குழாய் இடைவெளி ஒழுங்கா விழலைன்னா ஒரு இடத்துல வெந்துடும் இன்னொரு இடத்துல பத்தாது. வாய்க்குள்ள பிராக்கி வழக்கமா பண்ற ஆள் கிடைச்சா பண்ணுங்க, எப்பவாவது ஒன்னு பண்ற இடத்துல வேணாம். அந்த இடத்துல ஆரம்ப நிலை வாய் கேன்சருக்கு ஆபரேஷனே முதல் வழி.

எஸ்பிஆர்டின்னா அஞ்சு தடவை மாதிரி கொஞ்சமா, ஒவ்வொரு தடவையும் பெரிய டோஸா, ரொம்ப கூர்மையா அடிக்கிறது. சைபர் நைஃப்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அது இந்த வேலைய பண்ற ஒரு மெஷின். அஞ்சு நாள்ல முடியுமேன்னு புதுசா கண்டுபிடிச்ச கழுத்து கேன்சருக்கு 35 தடவைக்கு பதிலா இத கேக்குறாங்க, அதுக்கு இது இல்ல, பரவியிருக்கக்கூடிய நெறிப்பகுதி முழுசையும் இப்படி அடிக்க முடியாது, பெரிய டோஸ நல்ல திசு தாங்காது. ஏற்கனவே ரேடியேஷன் எடுத்த இடத்துல சின்னதா திரும்ப வந்திருக்கு, ஆபரேஷன் முடியாதுன்னா அப்ப இது ஒரு வழி. அங்கயும் பயம் உண்டு, கழுத்து பெரிய ரத்தக்குழாய சுத்தி கட்டி இருந்தா குழாய் வெடிக்கிற அபாயம், அது நடந்தா காப்பாத்துறது கஷ்டம். டாக்டர் இத மறைக்காம சொல்றாரான்னு பாருங்க.

டெக்னிக்க பத்தி இவ்ளோ பேசுற குடும்பங்க வாரத்துக்கு எத்தனை தடவைங்கிறத கேக்குறதே இல்ல, அதுலயும் வித்தியாசம் இருக்கு. டென்மார்க்ல டஹான்கா குரூப் அதே டோஸ வாரம் 5க்கு பதிலா 6 தடவைன்னு கொடுத்து ஒரு வாரம் முன்னாடி முடிச்சாங்க, 2003ல வந்த முடிவு: அஞ்சு வருஷத்துல கழுத்துப்பகுதி கட்டுப்பாடு 60 சதவீதத்துல இருந்து 70க்கு போச்சு. எந்த புது மெஷினும் இல்லாம! வயசு, கிட்னி, காது காரணமா சிஸ்பிளாட்டின்ங்கிற கீமோ மருந்து கொடுக்க முடியாதவங்களுக்கு வாரம் 6ங்கிறது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. சிஸ்பிளாட்டினோட சேத்து எடுக்கிறவங்களுக்கு இந்த வேகத்தால கூடுதல் லாபம் வரல, அவங்க வாரம் 5லயே போகலாம். இதோட மறுபக்கம், நடுவுல லீவு விழுந்தா அதே அளவுக்கு கெடுதல். பண்டிகை, கல்யாணம், மெஷின் ரிப்பேர்னு நாலஞ்சு நாள் போனா மிச்சம் இருக்கிற செல் வேகமா பெருக ஆரம்பிக்கும். மெஷின் நின்னா மாத்து மெஷின் இருக்கா, விட்ட நாள சனிக்கிழமையோ ஒரே நாள்ல ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு ரெண்டு தடவையாவோ ஈடு கட்டுவீங்களான்னு கேளுங்க. இதுக்கு பட்டுன்னு பதில் சொல்ற சென்டர் கவனமா நடத்துற சென்டர்.

எச்பிவிங்கிற வைரஸால வந்த, எச்பிவி பாசிட்டிவ் தொண்டை கேன்சர்காரங்க ஒரு தனி ரகம், நல்லா குணமாகுற வகை, அதனால டோஸ குறைச்சுக்கலாமா, சிஸ்பிளாட்டினுக்கு பதிலா செடுக்சிமாப்ங்கிற வேற மருந்து போட்டுக்கலாமான்னு ஆசை வரும். 2018ல ரெண்டு பெரிய ட்ரையல்ல செடுக்சிமாப் எடுத்தவங்களுக்கு உயிர் பிழைக்கிறது குறைஞ்சுதான் போச்சு. ட்ரையலுக்கு வெளிய யாராவது டோஸ குறைக்கலாம்னு சொன்னா இன்னொரு டாக்டர்கிட்ட கேக்காம ஒத்துக்காதீங்க.

எல்லாத்தையும் வெச்சு என் வீட்ல ஒருத்தருக்குன்னா நான் எப்படி போவேன்னா, வாய்க்குள்ள ஆரம்ப நிலைன்னா முதல்ல ஆபரேஷன், அப்புறம் பெத்தாலஜி ரிப்போர்ட்ல தேவைன்னு வந்தா ஆறு வாரத்துக்குள்ள விமேட்டோ ஐஎம்ஆர்டியோ ஆரம்பிச்சிடுவேன். குரல் நாண் ஆரம்ப நிலைன்னா பக்கத்துல இருக்கிற எந்த நல்ல சென்டரும் போதும். டான்சில், நாக்கு அடி, குரல்வளை பெரிய கட்டின்னா கழுத்து கேஸ் நிறைய பண்ற டாக்டர தேடி போவேன், மெஷின் பேர பாக்க மாட்டேன், தினமும் போய்வர முடியுற தூரமான்னு பாப்பேன், ஏன்னா ஏழு வாரம் தினம் பயணம்ங்கிறது அஞ்சாவது வாரத்துல ஒருத்தர படுக்க வெச்சிடும். மூக்கு, சைனஸ், மண்டை அடின்னா புரோட்டான் கேட்டு வருவேன். திரும்ப வந்ததுன்னா முதல்ல ஆபரேஷன் முடியுமான்னு, முடியாதுன்னா புரோட்டானா எஸ்பிஆர்டியான்னு, ரெண்டும் பண்ற இடத்துலயே கேப்பேன், ஒன்னு மட்டும் வெச்சிருக்கிற இடத்துல அந்த ஒன்னுதான் பதிலா வரும்.

எதுல போனாலும் மாஸ்க் அச்சு எடுக்கிறதுக்கு முன்னாடி பல் டாக்டர பாத்துடுங்க. பிடுங்க வேண்டிய பல்ல அப்பவே பிடுங்கி புண் ஆற ரெண்டு வாரம் விட்டு ஆரம்பிக்கணும், அந்த நேரத்துல பிளானிங் வேலை நடந்துகிட்டே இருக்கும், நாள் வீணாகாது. முழுங்குற பயிற்சியையும் தொண்டை நல்லா இருக்கும்போதே கத்துக்கிட்டு தினமும் பண்ணணும், வலி வந்தப்புறம் கத்துக்க முடியாது. பிளான் ரெடியானதும் டாக்டர்கிட்ட ஸ்கிரீன்ல அந்த கலர் படத்த காட்ட சொல்லுங்க, சிவப்பு எங்க, நீலம் எங்க, பரோட்டிட்டுக்கு சராசரி எவ்ளோ, எந்த பக்கத்த காப்பாத்த முடிஞ்சுது, எத முடியல, ஏன். காட்ட தயங்குற ஆள் ரொம்ப கம்மி, பெரும்பாலான டாக்டருங்க கேக்குற குடும்பத்த பாத்து சந்தோஷம்தான் படுவாங்க.

முடிஞ்சப்புறம் மூணு மாசம் கழிச்சு பெட் ஸ்கேன், அதுக்கு முன்னாடி எடுத்தா புண்ணு ஆறுறதே கேன்சர் மாதிரி தெரிஞ்சு வீண் பயம். ஆறு மாசத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவை டிஎஸ்எச்ங்கிற தைராய்டு ரத்த டெஸ்ட் பாக்கணும், கழுத்துல கதிர் பட்டா தைராய்டு மெதுவா குறையும், சோர்வ கேன்சர் சோர்வுன்னு நினைச்சு விட்டுடுறாங்க. கடைசி நாள் வெறும் டிஸ்சார்ஜ் சீட்டோட வந்துடாதீங்க, மொத்தம் எத்தனை கிரே, எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைக்கும்னு போட்ட சம்மரியும், பிளானோட டைகாம் ஃபைல் (ஸ்கேன், பிளான் எல்லாம் சேமிக்கிற ஃபைல்) ஏத்தின சிடியோ பென்டிரைவோ கேட்டு வாங்குங்க. அஞ்சு வருஷம் கழிச்சு ஏதாவது சந்தேகம் வந்தா தண்டுவடமும் அந்த பெரிய ரத்தக்குழாயும் ஏற்கனவே எவ்ளோ வாங்கியிருக்குன்னு அந்த ஃபைல பாத்துதான் இன்னொரு தடவை கொடுக்கலாமா முடியாதான்னு எங்களால சொல்ல முடியும்.